வேலிக்கு மூன்று சிட்டை: தருமபுரத்தில் கொங்கிறீட் தூண் நாட்டிய அனுபவம்

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கிளிநொச்சி மாவட்டம் தருமபுரத்தில் உள்ள எங்கள் அரை ஏக்கர் மேட்டுக்காணியின் மூன்று பக்கமும் கொங்கிறீட் தூண் நாட்டி, முள்ளுக்கம்பி வேலி அடைத்தோம். தூண்களை வார்த்து விற்பதோடு, ஆட்களை அனுப்பி நாட்டியும் தருகின்ற ஒரு வாடியிடம் முழு வேலையையும் ஒப்படைத்திருந்தோம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரத்தில் இருக்கும் அந்த வாடியின் நிறைகளை மட்டுமல்லாமல் குறைகளையும் இங்கே எழுதுவதால் அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வேலி அடைக்க எண்ணியிருப்பவர்கள் வன்னியில் எந்த வாடிக்குப் போனாலும் கவனிக்க வேண்டியவற்றையே பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன்.

வேலி என்பது ஒரு வீட்டுக்காரர் தனியாக வாங்குகின்ற பொருள் அன்று. எங்கள் காணிக்குக் கிழக்கே ஓர் அக்காவும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். மேற்கே, அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது மாடு வளர்க்கின்ற ஐயா ஒருவர் இருக்கிறார். பின்பக்கத்துக் காணிக்காரர் குடும்பத்தோடு கனடாவில் இருக்கிறார்; அவருடைய தம்பி கிளிநொச்சி நகரிலிருந்து இடைக்கிடை வந்து காணியைப் பார்த்துவிட்டுப் போவார். முன்பக்கம் ஒழுங்கை. ஆகவே தூண் எத்தனை, கம்பி எத்தனை வரி என்ற கேள்விகளுக்கு முன்பாக, இந்த நான்கு வீடும் செலவை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி எங்கள் முன்னால் நின்றது. அந்த வாடியைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு முதலாவது காரணம், இந்தக் கேள்வியை அவர்கள் எங்களைவிட நன்றாக விளங்கிக்கொண்டிருந்தமைதான்.

எங்கள் அப்பப்பாவின் காலத்தில் இந்தக் காணிக்குக் கிளுவைக் கதியாலும் (நட்டால் தளிர்க்கின்ற உயிர்த்தடி) பூவரசும் சேர்ந்த வேலி இருந்தது. அப்போது காசைப் பங்கிடவில்லை, வேலியின் நீளத்தைத்தான் பங்கிட்டார்கள். எல்லையின் முன்பாதியை ஒரு வீடும் பின்பாதியை மற்ற வீடும் அடைக்கும். தன் பாதி பொட்டு விழுந்து, அதாவது ஆள் நுழையும் இடைவெளி விழுந்து கிடந்தால் ஊரார் கேட்பார்கள் என்ற கூச்சமே அந்த முறையை நடத்தியது. 2009 தை மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனோம். மீள்குடியேற்றத்தின்போது திரும்பி வந்து பார்த்தால், காணி எது ஒழுங்கை எது என்று தெரியாத பற்றைக் காடு. கிணற்றுக் கட்டையும் எரிந்துபோன ஒரு தென்னையின் அடியையும் வைத்துத்தான் எங்கள் வளவைக் கண்டுபிடித்தோம். அதன்பிறகு வீட்டுத்திட்ட வீடு வந்தது, மின்சாரம் வந்தது, ஆனால் வேலி மட்டும் கிடைத்த தடியும் அலம்பலும் (வெட்டிய மரக்கிளைகள்) பழைய தகரமுமாகப் பதினான்கு ஆண்டுகள் ஒப்பேற்றப்பட்டே வந்தது. பெரும்போகம் தொடங்கி வயல்களுக்குள் மாடு இறக்க முடியாத காலத்தில், கட்டாக்காலி மாடுகள் இரவில் வளவுகளுக்குள் வந்து வாழையையும் தென்னங்கன்றையும் கடித்துவிட்டுப் போகும். 2023 கார்த்திகையில் ஒரே இரவில் எங்களுடைய பதினொரு கன்றுகளும் கிழக்கு வீட்டு அக்காவின் மரவள்ளித் தோட்டமும் அழிந்தபின்தான், இனியும் அலம்பல் போதாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

மதில் கட்டலாம் என்று எங்கள் வீட்டிலேயே சிலர் சொன்னார்கள். செலவு பல மடங்கு என்பது ஒரு புறமிருக்க, அதற்கு நான் உடன்படாமைக்கு வேறு காரணம் இருந்தது. 2018 மார்கழி வெள்ளத்தின்போது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த நாட்களில், எங்கள் வளவுக்குள் வந்த தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்காகப் பாய்ந்து ஓடிப் போனது. நடுவில் ஒரு மதில் நின்றிருந்தால் அது ஐயாவின் முற்றத்தில் தேங்கியிருக்கும், அல்லது மதிலைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். தகரமும் காற்றுக்கு நிற்காது, உப்புக்காற்றுப் படுகின்ற இடங்களில் விரைவில் துருவேறிவிடும். தண்ணீரும் காற்றும் போக வேண்டும், மாடு மட்டும் போகக்கூடாது என்றால் தூணும் கம்பியும்தான் ஏற்றவை.

மூன்று இடங்களில் விலை கேட்டோம். கிளிநொச்சி நகருக்கு அண்மையில் ஓரிடத்தில், மொத்தமாக எவ்வளவு என்று ஒரு தொகையை வாயால் சொன்னார்கள். எழுதித் தரக் கேட்டபோது, வேலையைத் தந்தால் எழுதலாம் என்றார்கள். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒருவர் மிகக் குறைந்த விலை சொன்னார், ஆனால் அவருடைய வாடியில் உடைந்து கிடந்த தூணொன்றைப் பார்த்தபோது உள்ளே இரண்டு கம்பிகளே இருந்தன. மூன்றாவதாகப் போன வாடியிலும் உடைந்த தூண் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன். வாடிக்காரர் முகம் சுளிக்காமல் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் காட்டினார். நாலு அங்குலச் சதுரத் தூணின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்றாக ஆறு மில்லிமீற்றர்க் கம்பி நான்கு இருந்தன. அவற்றைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் வளையமும் கட்டப்பட்டிருந்தது. மணலைப் பற்றிக் கேட்டதற்கு, குவியலில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்துவிட்டு என் கையிலும் கொஞ்சம் போட்டார். கடற்கரை மணலின் உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கிய கம்பி தூணை உள்ளிருந்தே பிளந்துவிடும் என்று அவர் விளக்கியது சரியான விளக்கம். மூன்று இடங்களையும் ஒப்பிட்டபோது அவருடைய விலை நடுவில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வாடியின் மேற்பார்வையாளர் அளவெடுக்க வந்தார். நாங்கள் வீட்டுக்குள் அழைத்துத் தேநீர் கொடுத்தபோது அவர் முதலில் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “பக்கத்துக் காணிக்காரர் ஆரும் வரேல்லையோ? அவையள் இல்லாமல் நான் நூல் பிடிக்கமாட்டன், தங்கச்சி.” அக்காவையும் ஐயாவையும் கூட்டிவந்தோம். பின்வளவுக்காரரின் தம்பி வந்துசேர நண்பகலாகிவிட்டது, அதுவரை அந்த மனிதர் காத்திருந்தார். பிறகு நால்வரும் பார்த்துக்கொண்டிருக்க, நில அளவைப் படத்தின் பிரதியை விரித்து வைத்து, எல்லைக்கல்லில் இருந்து எல்லைக்கல் வரை நூலை இழுத்துக் கட்டி, அடியில் அளந்து, ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் சத்தமாகச் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதினார். கிழக்கு 165 அடி, தெற்கு 132 அடி, மேற்கு 165 அடி, மொத்தம் 462 அடி. அந்தப் பக்கத்தின் கீழே நால்வரும் கையொப்பம் இட்டோம். அந்த ஒப்பம் விழும்வரை ஒரு குழியும் வெட்டப்படாது என்பது அவர்களுடைய நடைமுறை என்று சொன்னார். எல்லைத் தகராறுகள் கிராம அலுவலரிடம் போய், அங்கும் தீராமல் மத்தியஸ்த சபைக்குப் போய், ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் கோவில் திருவிழாவிலும் முகம் பாராமல் நிற்பதை நாங்கள் எல்லோருமே கண்டிருக்கிறோம். இந்த அரை நாள் வேலை அதற்கெல்லாம் முன்கூட்டியே போட்ட அணை.

அளந்தபோது ஒரு சிக்கலும் வந்தது. தெற்கு எல்லையில் கிழக்கு மூலைக் கல்லைக் காணவில்லை. பின்வளவுக்காரரின் தம்பி, தங்களுடைய காணி எங்கள் பக்கம் இன்னும் மூன்று அடி வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். நான் வாதாட முற்பட்டபோது மேற்பார்வையாளர் என்னை மறித்துவிட்டு, மூலையில் நின்ற பூவரசின் அடியில் குந்தியிருந்து பற்றையை வெட்டி விலக்கினார். மரத்தின் தோலுக்குள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பழைய முள்ளுக்கம்பியின் ஓர் இழை புதைந்திருந்தது. எப்போதோ எங்கள் அப்பப்பா அடித்த கம்பியை மரம் வளர்ந்து வளர்ந்து விழுங்கியிருக்கிறது. ஒரு முள்ளின் நுனி மாத்திரம் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதே உயரத்தில் சற்றுத் தள்ளி, பட்டுப்போன ஒரு கிளுவைக் கட்டையிலும் அதே கம்பியின் அடையாளம். இரண்டையும் சேர்த்து நூல் பிடித்தபோது நில அளவைப் படத்தில் இருக்கின்ற கோடு வந்தது. தம்பி அந்தத் துருப்பிடித்த முள்ளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் கைப்பேசியில் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். அன்று மாலையே தமையனாரின் குரல் பதிவு வந்தது: அந்தக் கம்பியைத் தான் சின்னவயதில் தாண்டிக் காற்சட்டை கிழித்துக்கொண்ட நினைவு இருக்கிறது, அதுவே எல்லை என்று. அதன்பின் தெற்குப் பக்கத்தைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை. அவருடைய பங்கு பத்து நாளுக்குள் வங்கியில் வைப்பிலிடப்பட்டது.

இனிக் கணக்கு. தூண் ஏழு அடி நீளம். இரண்டு அடி மண்ணுக்குள்ளும் ஐந்து அடி வெளியிலும் நிற்கும். தூணுக்குத் தூண் பத்து அடிக்குக் கிட்டிய இடைவெளி. செலவைக் குறைக்கப் பன்னிரண்டு அடி வைக்கலாமா என்று நான் கேட்டேன். மாடு உரசுகின்ற வேலியில் நடுக்கம்பி தொய்ந்துவிடும் என்று அவர் மறுத்ததை இன்று சரியென்றே எண்ணுகிறேன். வரிசையில் 48 தூண், மூலைகளிலும் முனைகளிலும் சாய்த்து வைக்கின்ற முட்டுத்தூண் 6, ஆக 54 தூண். ஒன்று 1400 ரூபாய் வீதம் 75,600 ரூபாய். ஆறு வரிக் கம்பிக்கு 845 மீற்றர் தேவைப்பட, 200 மீற்றர்ச் சுருள் ஐந்து, ஒன்று 13,500 ரூபாய் வீதம் 67,500 ரூபாய். கட்டுக்கம்பி 3600. நாட்டுக்கூலி தூணுக்கு 500 வீதம் 27,000. அடிக்கொங்கிறீட்டுக்குச் சீமெந்தும் மணலும் சல்லியும் 17,000. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியிறக்கிய கூலி 6000. எல்லாம் சேர்த்து 196,700 ரூபாய், அதாவது அடிக்கு ஏறத்தாழ 426 ரூபாய்.

இந்த அடிக் கணக்கில்தான் அவர்களுடைய சேவையின் மிகப் பயனுள்ள பகுதி இருக்கிறது. மொத்தத் தொகையை ஒரே சிட்டையில் எழுதி என் கையில் தந்துவிட்டு, அயலவரிடம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. கிழக்கு எல்லைக்கு ஒன்று, தெற்கு எல்லைக்கு ஒன்று, மேற்கு எல்லைக்கு ஒன்று என மூன்று சிட்டைகள் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் அந்த எல்லையின் நீளம், அதன் மொத்தச் செலவு, இரு வீட்டுக்குமான அரைப்பங்கு ஆகியவை தனித்தனியாக இருந்தன. கிழக்கிலும் மேற்கிலும் அரைப்பங்கு 35,145 ரூபாய், தெற்கில் 28,116 ரூபாய். பணத்தையும் அந்தந்த வீட்டாரிடமே தனித்தனியே வாங்கி, அவர்களுடைய பெயரிலேயே பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இதனால் நான் எவருடைய படலையிலும் போய் நின்று காசு கேட்க வேண்டி வரவில்லை. அதைவிடப் பெரிய விடயம், நாளைக்கு இந்த வேலி யாருடையது என்ற கேள்வி வந்தால் இரு வீட்டாரிடமும் ஒரே திகதியில் எழுதிய பற்றுச்சீட்டு இருக்கும். முழுப் பணத்தையும் ஒருவர் கட்டி அடைத்த வேலி காலப்போக்கில் அவருடைய வேலியாகவே பேசப்படும். தூண் சரிந்தால் திருத்துகின்ற பொறுப்பும் அவர் தலையிலேயே விழும்.

கிழக்கு வீட்டு அக்காவுக்கு 35,145 ரூபாயை ஒரே தடவையில் புரட்டுவது இயலாத காரியம். அவர் தையல் வேலையிலும் இரண்டு ஏக்கர் வயலிலும்தான் குடும்பத்தைக் கொண்டுபோகிறார். முதலில் நான், அவருடைய பங்கையும் நாங்களே போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் அம்மா அதை ஒப்பவில்லை. “அவள் கேட்காத உதவியைச் செய்து அவளைச் சின்னப்படுத்தாதை, பிள்ளை. என்ன செய்யலாம் எண்டு அவளையே கேள்” என்றார். கேட்டபோது அக்காவிடம் தெளிவான திட்டம் இருந்தது. தன் பக்கத்துப் பதினேழு குழிகளையும் தானும் மகளும் வெட்டுவதாகவும், அதற்குரிய கூலியைத் தன் சிட்டையில் கழிக்கும்படியும் வாடிக்காரரிடம் அவரே பேசினார். குழிக்கு 200 ரூபாய் வீதம் 3400 ரூபாய் கழித்தார்கள். ஆவணி வெயிலில் எங்கள் பக்கத்துச் செம்மண் கல்லாக இறுகியிருக்கும். முதல்நாள் மாலை ஒவ்வொரு குழியிடத்திலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, விடியற்காலையில் அலவாங்கால் குத்தி, தாயும் மகளும் மூன்று நாளில் பதினேழு குழிகளையும் முடித்தார்கள். ஓரடிச் சதுரம், இரண்டடி ஆழம், ஒன்றுகூடக் குறையவில்லை. கூலியாட்கள் வெட்டிய குழிகளைவிட அவை நேராக இருந்தன என்று மேற்பார்வையாளரே சொன்னார். மிகுதியில் பத்தாயிரம் ரூபாயை அக்கா உடனே கட்டினார். வாடி கடனுக்கு வேலை செய்வதில்லை என்பதால் மீதி 21,745 ரூபாயை நாங்கள் கட்டி, பெரும்போக நெல் விற்றதும் தருவதாக அவர் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டோம். பங்குனியில் ஒரே தவணையில் தந்து முடித்துவிட்டார்.

அந்தப் பக்கத்திலே இன்னொரு விடயமும் இருந்தது. அக்காவின் கிணற்றுத் தண்ணீர் சவர். குடிதண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்துதான் எடுப்பார். பழைய வேலியில் அதற்கென்று ஒரு பொட்டு இருந்தது. பொட்டு என்றால் பேச்சுக்குத்தான், குடத்தோடு ஒருவர் தாராளமாகப் போய்வரலாம். புதிய வேலி அதை மூடிவிடுமே என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நூல் பிடித்தவேளை தரையில் தேய்ந்து கிடந்த ஒற்றையடித் தடத்தைப் பார்த்துவிட்டு, “இதிலை ஆரோ நெடுக நடக்கினம் போலை, இந்த இடத்துக்குக் கண்டாயம் ஒண்டு விடுவமோ?” என்று கேட்டவர் அந்த மேற்பார்வையாளர்தான். இரண்டு தூண்களைக் கிட்டக்கிட்ட நாட்டி, நடுவில் முழங்கால் உயரத்துக்குக் குறுக்குத்தடி போட்டு, மனிதர் தாண்டலாம் மாடு நுழைய முடியாது என்கின்ற பழைய முறையில் ஒரு கண்டாயம் அமைத்தார்கள். மேலதிகமாகத் தேவைப்பட்ட ஒரு தூணின் செலவை நாங்கள் ஏற்றோம். அளவுநாடாவைப் பார்த்துக்கொண்டே தரையையும் பார்க்கத் தெரிந்த ஒருவரை அனுப்பியதற்காக அந்த வாடிக்கு நான் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

மேற்கு வீட்டு ஐயாவோடு பேச்சு வேறு விதமாகப் போனது. கம்பி தூணின் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது முதலாவது கேள்வி. கம்பி இருக்கின்ற பக்கமே வேலியின் முகம், அது தங்கள் பக்கம் இருக்கவேண்டும் என்று எல்லோருமே விரும்புவார்கள். இதில் விருப்பத்துக்கு இடமில்லை என்று வாடிக்காரர் விளக்கினார். மாடு நிற்கின்ற பக்கத்திலேயே கம்பி வரவேண்டும். மாடு தள்ளும்போது கம்பி தூணோடு போய் அழுந்தும். மறுபக்கத்தில் கட்டினால் முழு அழுத்தமும் கட்டுக்கம்பியின் முடிச்சில் விழுந்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்துவிடும். ஐயாவின் பக்கம் மாடு, ஆகவே கம்பி அவர் பக்கம். இரண்டாவதாக, தன் மாட்டுக் கன்றுகள் ஆறு வரிக்குள் தலையை விட்டு நுழைந்துவிடும் என்பதால் அடியில் ஏழாவது வரி ஒன்று வேண்டுமென்று ஐயாவே கேட்டார். ஐந்து சுருளில் 150 மீற்றரளவு மிஞ்சுவதாக இருந்தது. ஆனால் மிஞ்சிய கம்பியும் நான்கு வீட்டுக் காசில் வாங்கியதுதானே. மீற்றர் 67 ரூபாய் 50 சதம் என்று கணக்கிட்டு, 50 மீற்றருக்கு 3375 ரூபாயை ஐயா தனியாகக் கட்ட, அந்தத் தொகையை மற்றவர்களின் சிட்டைகளில் அடி வீதம் கழித்தார்கள். மிக அற்பமான கணக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். அயலுக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட மிச்சம் மீதியில்தான் என்பதால், அதை அவர்கள் எழுதிக் கழித்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனிக் குறைகள். இவற்றையும் அதே அளவு தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தூண்களின் வயது. கொங்கிறீட் தன் முழுப் பலத்துக்குக் கிட்ட வர இருபத்தெட்டு நாள் எடுக்கும். அதிலும் முதல் ஏழு நாளாவது நன்றாகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். வாடியில் பார்த்த தூண்கள் நன்றாக ஆறியவை. ஆனால் எங்களுக்கு இரண்டாவது பெட்டியில் வந்தவை அவையல்ல. வேறொருவருக்கு அவசரமாகக் கொடுத்துவிட்டதால், வார்த்து இரண்டு கிழமைகூட ஆகாத தூண்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நிறத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பழையவை வெளிறிய சாம்பல், புதியவை ஈரம் காயாத கருஞ்சாம்பல். சுத்தியலால் தட்டினால் பழையவற்றில் மணிபோலச் சத்தம் கேட்டது, புதியவை மந்தமாக ஒலித்தன. இறக்கும்போது நடுவில் பிடித்துத் தூக்கியதில் ஐந்து தூண்கள் மயிர்க்கோடாக வெடித்தன. அன்று மாலையே நான்கை மாற்றித் தந்தார்கள். ஐந்தாவதற்கு மூன்று கிழமை காத்திருந்தோம். அந்த இடத்தில் அதுவரை ஒரு தடியை நட்டு வைத்திருக்க வேண்டி வந்தது. வார்த்த திகதியைத் தூணின் அடியில் ஆணியால் கீறி வைக்கும்படி வாடிக்காரரிடம் சொன்னேன். அப்படிச் செய்வதில் ஒரு சிரமமும் இல்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சண்டை வராது.

இரண்டாவது, நாள். நான்கு நாளில் முடிப்பதாகச் சொன்ன வேலை பதினொரு நாள் இழுத்தது. மூன்றாவது நாளிலிருந்து ஆட்கள் இன்னொரு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களை நம்பி எங்கள் பழைய அலம்பல் வேலியை முழுவதுமாகப் பிடுங்கியிருந்தோம். அந்த இடைவெளியில் ஐயாவின் மாடுகளை அவர் இரவும் பகலும் கட்டிப்போட வேண்டியதாயிற்று. ஒரு கிழமையாகப் பச்சைப்புல் தேடித் தேடி வெட்டிவந்து போட்ட அந்த வயதானவரின் சிரமம் எந்தச் சிட்டையிலும் எழுதப்படவில்லை. ஆட்கள் திரும்பி வந்தபோது வாடிக்காரர் வருத்தம் தெரிவித்தார், ஆனால் முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் பழைய வேலியைப் பக்கம் பக்கமாகப் பிடுங்கியிருப்போம்.

மூன்றாவது குறை வேலைத்திறன் பற்றியது. பிந்திப்போன நாட்களை ஈடுசெய்யும் அவசரத்தில், மேற்கு மூலையின் முட்டுத்தூணுக்குக் கொங்கிறீட் போட்ட அன்றே பிற்பகலில் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். ஆறு ஏழு வரிக் கம்பியின் இழுவை முழுவதும் மூலைத்தூணிலும் முட்டிலும்தான் விழும். அடி இறுகுமுன் அப்படி இழுத்தால் தூண் உள்ளே சாயாமல் வேறென்ன செய்யும்? கார்த்திகை மழையில் மண் இளகியதும் அந்த மூலை இரண்டு அங்குலம் சாய்ந்து, மேற்கு வேலி முழுவதும் கம்பி தொய்ந்துவிட்டது. அறிவித்து ஐந்து நாளில் வந்து, கம்பியைக் கழற்றி, அடியைத் தோண்டித் திரும்பக் கொங்கிறீட் போட்டு, இம்முறை ஒரு கிழமை விட்டபின் இறுக்கினார்கள். அதற்கு எங்களிடமும் ஐயாவிடமும் காசு வாங்கவில்லை.

புதிதாக அடைக்க இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியவை சில. வேலையை ஆடி, ஆவணியிலேயே தொடங்குங்கள்; ஐப்பசி மழை தொடங்கினால் குழி வெட்டச் சுகம், ஆனால் குழிக்குள் தண்ணீர் ஊறி அடிக்கொங்கிறீட் கெட்டுவிடும். களிமண் பகுதிகளில் இரண்டடி போதாது, இரண்டரை அடியாவது இறக்க வேண்டும். வெயிலில் வெடித்து மழையில் வீங்குகின்ற மண் தூணை அசைத்துக்கொண்டே இருக்கும். ஒழுங்கைப் பக்கத்தை அடைக்குமுன் பிரதேச சபையில் கேட்டு, வீதிக்கு விடவேண்டிய அளவை விட்டு உள்ளே நாட்டுங்கள். பழைய கதியால்களை வெட்டி எறிந்துவிடாதீர்கள். நாங்கள் சீமைக்கிளுவைக் கதியால்களைக் கம்பிக்கு அரையடி தள்ளி இரு பக்கமும் திரும்ப நட்டிருக்கிறோம்; குழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகிறது, கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கும் பச்சை கிடைத்திருக்கிறது. ஆனால் கம்பியை உயிர்மரத்தில் கட்டிவிட வேண்டாம். எங்கள் மூலைப் பூவரசைப்போல் அது கம்பியை விழுங்கிவிடும்.

முன்பக்கத்து 132 அடிக்கு இந்த வருடம் தூண் போட்டு இரும்புப் படலை வைக்க இருக்கிறோம். அது ஒழுங்கைப் பக்கம் என்பதால் பங்கிட யாருமில்லை, செலவு முழுவதும் எங்களுடையது. அதே வாடியிடமே கொடுக்கத் தீர்மானித்து, போன கிழமை அம்மாவும் நானும் போய் வந்தோம். தூண்களின் அடியில் இப்போது திகதி கீறியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறிய பதினைந்து தூண்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எங்கள் பெயரைக் கரியால் எழுதி வைத்துவிட்டு, முற்பணம் ஐயாயிரம் கொடுத்திருக்கிறோம். கண்டாயத்தின் குறுக்குத்தடி தேய்ந்துபோயிற்று, அதற்கும் ஒரு பாலைத் தடி கொண்டு வரும்படி அக்கா சொல்லியனுப்பியதையும் அதே சிட்டையில் எழுதிக்கொண்டார்கள்.